உறக்கம் எப்படி, ஹவில்தார்?

"பைஸ்டாண்டர் எல்லாரும் வெளிய நிக்கணும். ஹால்ல எடமில்ல."

இசக்கிசெல்வி நிமிர்ந்து பார்க்காமலேதான் சொன்னாள். பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாளோ என்னவோ... அந்தக் கண்களைப் பார்த்த பிறகு ஒருவனை வெளியே போ என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கு மனது வரும்?

"நானா மேடம்?"

"நீங்கதான். அப்பாவை உக்கார வச்சிட்டு நீங்க வெளிய நில்லுங்க. பேரு வந்தா கூப்பிடுவாங்க."

"செரி மேடம்."

ஒரு மறுபேச்சு இல்லை. ஷூ சத்தம் வாசல் பக்கம் போய்த் தேய்ந்தது. நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டு அவள் அடுத்த படிவத்தை எடுத்தாள்.

திருவனந்தபுரத்தில் இடவப்பாதிப் பருவமழை மூன்று நாளாக விட்டபாடில்லை. காலையில் தம்பானூரில் பஸ்ஸை விட்டு இறங்கியவள் முழங்கால் தண்ணீரில் நடந்து, படிவப் பையைப் பிள்ளையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்திருந்தாள். முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனை அது. பட்டாளத்திலிருந்து வந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் உடம்பாலும் மனதாலும் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு ஆராய்ச்சி மையம் கணக்கெடுத்துக்கொண்டிருந்தது. நானூறு குடும்பங்கள். மையத்தில் அவளுக்கு ஒன்பது மாத அனுபவம். இந்த ஹாலில் இன்றுதான் முதல் நாள். ஹால் முழுக்க நரைத்த மீசைகள். இங்கே ஓரக்கண்ணில் கறுப்பு முடியோடு ஒருவன் தெரிந்தால், யாருக்கோ துணையாக வந்த பைஸ்டாண்டர் என்றுதானே எவரும் நினைப்பார்கள்?

"ஹவில்தார் சுஜின்."

பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாம் தடவை, முன்வரிசையில் இருந்த பெரியவர் செய்தித்தாளை மடித்தார்.

"மோளே... இப்ப நீ வெரட்டி விட்டேல்லா, அந்தப் பையனாக்கும் சுஜின்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாசலுக்கு ஓடினாள். கூரைக்கு அடியில் முழுக்க ஸ்கூட்டர்கள். அதற்கு அப்பால், கொட்டுகிற மழையில், கால்களை அகட்டி, கைகளைப் பின்னால் கட்டி, நேராக நின்றுகொண்டிருந்தான் அவன். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"நீங்களா ஹவில்தார் சுஜின்?"

"ஆமா மேடம்."

"நான்தான் பேஷன்ட்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கல்லியே."

"மழையில போய் நில்லுங்கன்னா சொன்னேன்?"

"வெளிய நிக்கச் சொன்னீங்க. வெளிய மழையாக்கும்."

சிரிக்காமல் சொன்னான். ஆனால் கண் சிரித்தது... இமை நுனியில் நீர் முத்துகள். துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. ஓரம் சிவந்த, அகல விழித்த கண்கள். உறக்கம் கண்டு நாளாகிப்போன கண்கள் என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை. அழகாக இருக்கின்றன என்று மட்டும் தெரிந்தது. சே, என்ன நினைப்பு இது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"உள்ள வாங்க சார். ஜலதோஷம் பிடிச்சா அதையும் நான்தான் படிவத்துல எழுதணும்."

மேசைக்கு எதிரே வந்து நிமிர்ந்து உட்கார்ந்தான். நாற்காலியின் முதுகில் சாயவே இல்லை. அவளுடைய அடையாள அட்டையைப் படித்தான்.

"இசக்கிசெல்வி... எந்த ஊரு?"

"கேள்வி கேக்கது நானாக்கும். பணகுடி. அப்பா சாலை மார்க்கெட்டுல பாத்திரக் கடையில நிக்காரு."

"எங்களுக்கு ஆரல்வாய்மொழி. அப்ப, இடையில ஒரு கணவாய்தான்."

"சார், பேரு, வயசு."

"சுஜின். முப்பத்தஞ்சு. பதினெட்டுல சேந்தேன், பதினாறு வருஷம் ஆச்சு, போன வருஷம் வந்துட்டேன்." முன்னாள் என்றால் முடி நரைத்திருக்க வேண்டும் என்று எண்ணியிருந்த அவள் மூளையை அவள் மனதுக்குள் ஒரு குட்டு குட்டினாள்.

கேள்விகள் தொடங்கின.

"உறக்கம் எப்படி?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ்."

"முதுகுவலி, மூட்டுவலி?"

"கிடையாது."

"கோபம் அதிகமா வருமா?"

"வராது."

"கெட்ட கனவு?"

"கனவே வராது மேடம்."

நாற்பத்தைந்து நிமிடப் படிவம் ஆறு நிமிடத்தில் முடிந்துவிட்டது. எல்லாம் பூஜ்யம். இவள் பேனாவை வைத்துவிட்டு அவனையே பார்த்தாள்.

"ஒரு மனுசனுக்கு ஒரு தும்மல் கூடவா வராது?"

"பட்டாளத்துல தும்மினாலும் எழுதிருவாங்க மேடம். எழுதினா மெடிக்கல் கேட்டகரி எறங்கும். கேட்டகரி எறங்குனா பிரமோஷன் போச்சு. அதனால எதைக் கேட்டாலும் நல்லா இருக்குன்னு சொல்லிப் படிச்சாச்சு."

"இப்பதான் வெளிய வந்தாச்சே."

"விழிஞ்ஞம் துறைமுகத்துல செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன். அங்கயும் மெடிக்கல் உண்டு."

"இந்தப் படிவம் எங்கயும் போகாது சார். இதுல உங்க பேரே கிடையாது. நூத்திப் பதினேழுன்னு ஒரு நம்பர்தான்."

அவன் மெல்லச் சிரித்தான். "நம்பரும் ஆளுதான மேடம். பதினாறு வருஷமா என்னை நம்பர் போட்டுத்தான் கூப்பிட்டாங்க."

வாயாடி என்று மையத்தில் பெயரெடுத்தவள் அவள்... பேச்சு வராமல் படிவத்தை அடுக்கினாள்.

அந்த ஆராய்ச்சியில் ஒரு வீட்டுக்கு இரண்டு படிவம். ஒன்று பட்டாளத்துக்காரருக்கு, ஒன்று வீட்டிலிருப்பவருக்கு. ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழக்கூடாது. ஒருவர் சொன்னதை மற்றவரிடம் மூச்சு விடக்கூடாது. பயிற்சியின் முதல் நாளே ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் ஷீஜா இதைத்தான் பத்துத் தடவை சொல்லியிருந்தார். இன்னொன்றும் சொல்லியிருந்தார்... படிவம் தருகிறவர்களிடம் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்கக் கூடாது, சொந்தம் கொண்டாடக் கூடாது.

வியாழக்கிழமை மணக்காட்டில் அவன் வீட்டுக்குப் போனாள். அவனை வெளியே அனுப்பிவிட்டுத்தான் பேச வேண்டும் என்பது விதி.

"நான் எங்க நிக்கணும் மேடம்?" என்று கேட்டான் அவன், முகத்தை ஒன்றும் தெரியாதவன் போல வைத்துக்கொண்டு. "வெளியவா? இன்னிக்கு மழை கொறவுதான்."

"கடைக்குப் போயிட்டு வாங்க சார்." உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

அவன் அம்மா மாடம்மாள் அடுப்படியில் இருந்தாள். கணவர் சுடலைக்கண்ணு கொத்தனார். ஆறு வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். மகன் வந்த பிறகு தெம்பு வந்திருக்க வேண்டிய முகம். ஆனால் கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

"உங்க உறக்கம் எப்படிம்மா?" என்றுதான் செல்வி கேட்டாள். முறுக்கு பிழிந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"நான் எங்க மக்ளே உறங்க... அவன் வந்து ஒரு வருஷம் ஆச்சு. ரெண்டு மணியானா டக்குன்னு எந்திருச்சிருவான். ஷூவை மாட்டி, லேஸைக் கட்டி, வாசக் கதவுக்கு நேரா நாற்காலியைப் போட்டு உக்காந்திருவான். விடியுத வரைக்கும் அப்படியே இருப்பான். நான் கண்ணை மூடிட்டு கிடப்பேன். நான் உறங்குகேன்னு அவன் நெனைப்பான். அவன் உறங்குகான்னு நான் நெனைக்கதா அவன் நெனைப்பான்."

"நீங்க கேக்கல்லியாம்மா?"

"கேட்டா அம்மாவுக்குத் தொந்தரவுன்னு மொட்டை மாடிக்குப் போயிருவான். இப்பம் கண்ணு முன்னாலயாவது இருக்கான்." எண்ணெய்க் கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "அவன்கிட்ட சொல்லிராத, கேட்டியா?"

"சொல்ல மாட்டேன்மா. சத்தியமா."

சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னாள்.

கிளம்பும்போது ஒரு பொட்டலம் முறுக்கை மாடம்மாள் நீட்ட, விதியைச் சொல்லி இவள் மறுக்க, "முறுக்குக்கு என்ன விதி?" என்று அவள் முகம் வாட, வாசலில் பைக்கோடு வந்து நின்றான் சுஜின்.

"கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்கா? ஏறுங்க, விட்டுருகேன்."

"ஏறக் கூடாது சார். ரூல்."

"ரூல்னா ரூல்தான்."

சாவியைத் திருகி வண்டியை அணைத்தான். ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு அவளோடு நடக்கத் தொடங்கினான். ஒன்றரை கிலோமீட்டர். சேறும் பள்ளமுமான ரோடு. அவ்வளவு பெரிய வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவனைப் போகிறவர்கள் எல்லாம் இரக்கத்தோடு பார்த்தார்கள். ஒரு ஆட்டோக்காரர் நிறுத்தி, "பெட்ரோல் தீந்துபோச்சா?" என்று மலையாளத்தில் விசாரித்தார்.

"இல்ல சேட்டா... மேடத்துக்கு ரூல்," என்றான் அவன்.

செல்வி சிரித்துவிட்டாள். அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல், ரோட்டு நடுவில் நின்று சிரித்தாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். கோயில் பக்கமிருந்து ஈரக் காற்று... அவள் நெற்றி முடி பறந்தது... அவன் சட்டென்று பார்வையைத் திருப்பி, பஞ்சராகாத டயரைக் குனிந்து பார்த்தான்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். இது நல்லதற்கில்லை செல்வி என்று சொல்லிக்கொண்டாள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். பஸ் திரும்புகிற வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தான் அந்த மனுசன்.

இரண்டு படிவமும் ஒத்துப்போகாவிட்டால் மூன்று வாரம் கழித்து மறுபடி கேட்க வேண்டும். நூற்றிப் பதினேழாம் நம்பரில் மகன் ஃபர்ஸ்ட் கிளாஸ், அம்மாவுக்கு உறக்கமே இல்லை. ஒத்துப்போகுமா? அதனால் மறுபடியும் அதே மருத்துவமனை, அதே மேசை. அவன் வருவான் என்று அவள் அன்றைக்கு இஸ்திரி போட்ட சுடிதார் உடுத்தியிருந்தாள். அதை அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள், நாம் சொல்லிவிடுவோம்.

வந்தான். கண்கள் முன்னைவிடச் சிவந்திருந்தன.

"உறக்கம் எப்படி, ஹவில்தார்?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ் மேடம்."

அச்சிட்ட கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்க வேண்டும். அதுதான் விதி. ஆனால் நாக்கில் சனி உட்கார்ந்தால் விதி என்ன செய்யும்?

"ஷூவையும் மாட்டிக்கிட்டு விடிய விடிய வாசக் கதவைப் பாத்துட்டு இருக்கதுதான் ஃபர்ஸ்ட் கிளாஸா?"

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. கொட்டிய பாலை அள்ளவா முடியும்...

அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாகப் போனது.

"அம்மா சொன்னாளா?"

அவள் படிவத்தின் மேல் குனிந்துகொண்டாள்.

"அப்ப... அவ உறங்கல்ல. ஒரு வருஷமா அவளும் உறங்கல்ல." தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னான். பிறகு எழுந்தான். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். "எங்கிட்டயே கேக்காத ஒண்ணை எங்கம்மா உங்ககிட்ட நம்பிச் சொல்லியிருக்கா. அதை எடுத்து நீங்க எம்மேல எறிஞ்சுட்டீங்க. பேரே கிடையாது, நம்பர்தான்னு சொன்னீங்களே மேடம்..."

நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போனான். அவள் மேசைக்கு அடியில் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அன்று மாலையே டாக்டர் ஷீஜாவிடம் போய் உள்ளதைச் சொன்னாள். ரகசியம் உடைந்தால் எழுதிக் கொடுக்க வேண்டும். படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: இந்தத் தவறு எப்படி நேர்ந்தது? "வேலைப் பளு காரணமாகக் கவனக் குறைவு" என்று எழுதி நீட்டினாள்.

டாக்டர் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது உண்மைதானா செல்வி?" என்று மலையாளத்தில் கேட்டார்.

செல்விக்கு முகம் கன்றியது. ஊருக்குத்தான் உபதேசம். மனுசனை உண்மை சொல்லச் சொல்லி இரண்டு தடவை நெருக்கினாள். தன் முறை வந்ததும் அவளும் எல்லாம் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்றுதானே எழுதியிருக்கிறாள்? வேலை போனாலும் போகட்டும் என்று அந்த வரியை அடித்தாள். கீழே வேறொன்று எழுதினாள். டாக்டர் படித்துவிட்டு அந்தத் தாளைக் கோப்புக்குள் வைத்தார்.

"நூத்திப் பதினேழை இனி பத்மகுமார் பாக்கட்டும். நீ அந்தப் படிவத்தைத் தொடவே கூடாது," என்றார். "நாளைக்கு அந்த அம்மாகிட்ட ரெண்டு பேரும் போய் மன்னிப்புக் கேக்கணும். வேலையைப் பத்தி மையத்தோட கமிட்டி சொல்லட்டும்."

மறுநாள் டாக்டரோடு மணக்காட்டுக்குப் போனாள். சத்தியம் செய்து கொடுத்த கையை எந்த முகத்தோடு பிடிப்பது? சுஜின் வீட்டில் இல்லை. மாடம்மாள் கதவைத் திறந்தாள். செல்வி பேசத் தொடங்குமுன்னே கண்ணீர் வந்துவிட்டது.

"நான் சத்தியம் பண்ணிட்டு..."

"பண்ணித்தான் குடுத்த. நீ செஞ்சது தப்பாக்கும், அதுல மாத்துப் பேச்சு இல்ல," என்றாள் மாடம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. பிறகு அந்த முகம் தானாகவே இளகியது. "அழாத. உக்காரு. நேத்து வந்து அடுப்படித் தரையில உக்காந்தான் மக்ளே. எப்பத்துல இருந்து நீ உறங்கல்லன்னு கேட்டான். நீ வந்த அன்னையில இருந்துன்னு சொன்னேன். பள்ளிக்கூடத்துக்குப் போற காலத்துல அழுததுதான்... அதுக்கப்புறம் நேத்து அழுதான். நானும் அழுதேன். ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்துத வேலை இனி இல்ல பாரு, அதுலயே பாதிப் பாரம் எறங்கிட்டு. இன்னைக்குக் காலையில மனசு டாக்டரைப் பாக்கணும்னு அவனாப் போயிருக்கான்."

டாக்டர் ஷீஜா நிம்மதியாக மூச்சு விட்டார். செல்விக்குத் தலையிலிருந்து ஒரு கல்மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போலிருந்தது. அவன் சரியாகிவிடுவான். அது போதும். தன்னோடு பேசாவிட்டாலும் போதும் என்று நினைத்துக்கொண்டாள். அதில் பாதி பொய்.

மூன்று வாரம் போனது. ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு கமிட்டி வேலையை விட்டு வைத்தது. அவள் அலுவலகத்தில் இருந்து மற்றவர்கள் கொண்டுவரும் படிவங்களைக் கணினியில் ஏற்றினாள். அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. இவளும் கேட்கவில்லை. எந்த உரிமையில் கேட்பது? ஆனாலும் வாசலில் ஷூ சத்தம் கேட்டால் தலை தானாக நிமிர்ந்தது. தபால்காரருக்கும் நிமிர்ந்தது, குடிதண்ணீர்க் கேன் போடுகிறவருக்கும் நிமிர்ந்தது. வெட்கம் கெட்ட தலை.

ஒரு சனிக்கிழமை பதினோரு மணிக்கு நிமிர்ந்தபோது அவனே நின்றான்.

"என் படிவத்தைத் திரும்ப எழுதணும்," என்றான். "முன்ன சொன்னதெல்லாம் பொய். உள்ளதைச் சொல்லணும்னு வந்தேன்."

அவள் எழுந்து நின்றாள். "பத்மகுமார் எழுதுவாரு. பீல்டுக்குப் போயிருக்காரு. ஒரு மணிக்கு வந்துருவாரு."

"நீங்க எழுத மாட்டீங்களா?"

"நான் எழுதக் கூடாது."

"அன்னைக்கு நான் பேசினதுக்கா?"

"இல்ல... ரூல்," என்றாள் தரையைப் பார்த்து.

ரூல் என்றதும் அவன் அதற்குமேல் கேட்கவில்லை. எதிரே உட்கார்ந்தான். மின்விசிறி சுற்றியது. சனிக்கிழமையாதலால் அலுவலகத்தில் அவள் மட்டும்தான். டாக்டர் உள்ளறையில் இருந்தார்.

"துறைமுகத்துக்காரங்ககிட்டயும் சொல்லிட்டேன்," என்றான். "உறக்கம் வரல்ல, டாக்டரைப் பாக்கேன்னு. மூணு மாசம் பகல் ஷிப்ட் போட்டுருகோம், அப்புறம் பாக்கலாம்னு அவங்க டாக்டர் சொன்னாரு. அவ்வளவுதான் மேடம். இதுக்காகவா நான் ஒரு வருஷம் பயந்து பேடிச்சுக்கிட்டு இருந்தேன்..."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அப்பாடா என்றிருந்தது. பிறகு அவன் சிரிப்பு நின்றது.

"ஷிஜுன்னு ஒருத்தன் இருந்தான்."

"சுஜின் சார், அது படிவத்துக்கு. எங்கிட்ட சொல்ல வேண்டாம்."

"படிவத்துக்குச் சொல்லல்ல. உங்ககிட்ட சொல்லுகேன்." கைகளை மடியில் கோத்துக்கொண்டான். "மலைமேல காவல் போஸ்ட். ரெண்டு மணிக்கு என் முறை. எழுப்ப வந்த ஷிஜு, நீ இன்னும் அரை மணி நேரம் கிட, நான் முழிச்சிருக்கேன்னு சொன்னான். நானும் திரும்பிப் படுத்தேன். அந்த அரை மணி நேரத்துலதான் பனி சரிஞ்சுது. முழிச்சுப் பாத்தா... அவன் நின்ன எடமே இல்ல."

அவ்வளவுதான் சொன்னான். அவள் கண் நிறைந்து வழிந்தது, அதை அவனும் பார்த்தான். "ஒரு டீ கொண்டு வாறேன்," என்று எழுந்து காண்டீனுக்குப் போனாள். இனி டீ கொடுத்தால் எந்த விதி வந்து தடுக்கும்?

இரண்டு டீயோடு திரும்பி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அவன் உறங்கிவிட்டிருந்தான்.

எப்போதும் சாயாத முதுகு நாற்காலியில் சாய்ந்திருந்தது. தலை ஒரு பக்கம் சரிந்து, வாய் லேசாகத் திறந்து... இமைகள் மூடி. அந்தக் கண்களை மூடி அவள் பார்த்ததே இல்லை. எவ்வளவு நீளமான இமைமுடிகள்.

பூனைபோல நடந்து டீயை வைத்தாள். மேசை போனின் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தாள். வாசலுக்கு வந்த கூரியர்காரரைக் கையைக் காட்டி நிறுத்தி, வராந்தாவிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். உள்ளறையிலிருந்து வந்த டாக்டர் ஷீஜா ஒரு நிமிடம் அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அவள் எதிரே உட்கார்ந்தாள். கணினியைத் தொடவில்லை, தட்டினால் சத்தம் கேட்கும். டீயில் ஆடை படிந்தது. பசித்தது. கால் மரத்துப்போனது. அசையவில்லை. ஒரு மனுசன் உறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

திடுக்கிட்டு விழித்தான். கண்கள் முதலில் வாசல் கதவுக்குப் போயின. பிறகு அவளிடம் வந்து நின்றன.

"எத்தனை நேரம்?"

"ஒரு மணிக்கூர், பத்து நிமிஷம்."

"யாரும் எழுப்பல்லியா?"

"நான் விடல்ல."

"நீங்க... இங்கயேவா இருந்தீங்க?"

"வேற எங்க போவேன்?"

அவன் முகத்தைத் தடவிக்கொண்டான். எதையோ சொல்ல வந்து விழுங்கினான். அவன் சொல்லுமுன் தான் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. இப்போது சொல்லாவிட்டால் இந்தப் பிறவியில் சொல்ல மாட்டாள்.

"உங்க படிவத்தை நான் ஏன் எழுதக் கூடாதுன்னு கேட்டீங்கல்லா? அன்னைக்கு நடந்த தப்புக்கு நான் எழுதிக் குடுக்கணும். ஏன் நடந்ததுன்னு கேட்டிருந்தாங்க. முதல்ல வேலைப் பளுன்னு எழுதினேன். அது பொய். அதை அடிச்சிட்டு..." நாற்காலியின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். "எதிர்ல இருக்கவரை எனக்குப் பிடிச்சுப்போச்சு, அவரு உறங்காம இருக்கது எனக்குத் தாங்கல்ல, அதனால வாய் தவறிட்டுன்னு எழுதினேன். டாக்டர் படிச்சாச்சு, கமிட்டியே படிச்சாச்சு. நீங்கதான் பாக்கி."

சொல்லி முடித்து முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள். காதெல்லாம் சூடு. ஐயோ, ஏன் பேச மாட்டேன் என்கிறான்... மெல்ல நிமிர்ந்தாள். அவன் கண்கள் நனைந்திருந்தன. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தான்.

"செல்வி," என்றான். மேடம் இல்லை, முதல்முறையாகச் செல்வி. "ஷிஜு போனதுக்கு அப்புறம், ஒருத்தர் முழிச்சிருக்க நான் உறங்கினதே இல்ல. அம்மா முழிச்சிருந்தா கூட. இன்னைக்குத்தான் உறங்கிட்டேன். முழிக்கும்போது எனக்கு உசிரே இல்ல... கண்ணைத் திறந்து பாத்தா நீங்க இருக்கீங்க. இருந்த எடத்துல, அப்படியே இருக்கீங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு உங்களை முதல் நாளே இஷ்டமாக்கும்," என்றான். "சொல்லப் பயம். உறங்காதவன் ஒரு பெண்ணைக் கூட்டிக்கிட்டு வந்து, அவ உறக்கத்தையும் கெடுக்கணுமான்னு இருந்துட்டேன். இப்பவும் முழுசாச் செரியாகல்ல. சில நாள் வரும், சில நாள் வராது. அதையும் சேத்துத்தான் கேக்கேன். நான் கண்ணு முழிக்கும்போதெல்லாம் நீங்க இருப்பீங்களா?"

இசக்கிசெல்வி மேசைக்கு மேலே கையை நீட்டி அவன் கையைப் பிடித்தாள். ஆறிப்போன டீ தளும்பிப் படிவங்கள் மேல் கொட்டியது. இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை.

"இருப்பேன்," என்றாள். "நீங்க உறங்குங்க."